லங்கர் போனில் கேட்ட பூரிச் சத்தம்

ஜான்சி, அருள், உங்கள் இருவருக்கும்.

இந்தக் குடியரசு தினத்தன்று நம் தெருவில் கொடியேற்றி முடித்ததும் என்னை ஏதாவது பேசச் சொன்னார்கள். ராணுவத்தில் இருந்தேன், மலையில் சண்டை நடந்தபோது அங்கே இருந்தேன் என்று சொன்னேன். முன்வரிசையில் நின்ற ஒரு பையன் கையைத் தூக்கினான்.

"அங்கிள், நீங்க எத்தனை பேரைச் சுட்டீங்க?"

"யாரையும் சுடலப்பா."

"அப்ப அங்க என்னதான் பண்ணீங்க?"

"போன் வயர் இழுத்தேன்."

அவ்வளவுதான். பசங்க எல்லாம் லட்டு கொடுக்கிற மேசைப் பக்கம் திரும்பிவிட்டார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில் அருள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "டாடி, ஒருத்தரையாவது சுட்டேன்னு சொல்லியிருக்கக் கூடாதா? மானமே போச்சு" என்றான். புனேயிலிருந்து வீடியோ காலில் இருந்த ஜான்சி விழுந்து விழுந்து சிரித்தாள். "டாடி சுடவே வேணாம்டா. 'என்ன சாப்பிட்ட, என்ன குழம்பு, தொட்டுக்க என்ன'ன்னு போன்ல கேட்டுக் கேட்டே எதிரிய ஓட வெச்சிருப்பாரு!"

நீ சிரிப்புக்குத்தான் சொன்னாய் ஜான்சி. ஆனால் அன்றைக்கு மலையில் நடந்ததும் கிட்டத்தட்ட அதுதான். அதைச் சொல்லத்தான் இந்த வாரம் முழுக்க மேசை முன்னால் உட்கார்ந்து எழுதுகிறேன். நான் பத்தாவதோடு நின்றவன். தப்பு இருந்தால் அருள் திருத்திக்கொள்ளட்டும். ஆனால் நடந்ததைத் திருத்தக் கூடாது.

பெங்களூரில் அல்சூர் பக்கம் ராணுவத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஜீவனஹள்ளியிலிருந்து நடந்தே போனேன். ஓட்டத்தில் முன்னால் வந்தேன், எடுத்துக்கொண்டார்கள். பயிற்சிக் காலத்தைப் பற்றி எழுத அதிகமில்லை. முடி வெட்டினார்கள், ஓட விட்டார்கள், திட்டினார்கள், திட்டி முடித்துவிட்டு மறுபடியும் ஓட விட்டார்கள். எனக்குக் காது கூர்மை என்று சொல்லி, போனும் வயர்லெஸ்ஸும் பார்த்துக்கொள்கிற பட்டாலியன் சிக்னல் பிளாட்டூனில் போட்டார்கள். மர்பி டவுன் ஜெரால்டும் அங்கேதான் வந்து சேர்ந்தான். அவனை உங்களுக்குத் தெரியும், உங்கள் மாமாதான். அப்போது மாமா ஆகவில்லை. என் பூட் பாலிஷைக் கேட்காமல் எடுக்கிற பக்கத்துக் கட்டில்காரன், அவ்வளவுதான்.

எங்களுக்கு மேலே ஹவில்தார் முனிரத்னம். கோலார் தங்கவயல்காரர். அவர் அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். எங்களுக்கு வேலை பழக்கியவர் என்பதால் அவரை உஸ்தாத் என்றுதான் கூப்பிடுவோம். குள்ளமான ஆள், கனத்த மீசை. குரலை உயர்த்தியே நான் பார்த்ததில்லை. கோபம் வந்தால் குரல் இன்னும் தணிந்துவிடும். அதுதான் எங்களுக்குப் பயம்.

மலையில் வயர்லெஸ் செட்டை முழுக்க நம்ப முடியாது. குளிரில் பேட்டரி செத்துவிடும், பேசுவதை எதிரியும் கேட்பான். அதனால் கீழே இருக்கும் ஹெட்குவார்ட்டரிலிருந்து முன்னால் இருக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் தரையோடு தரையாகக் கறுப்பு கேபிள் போட்டு, இரண்டு முனையிலும் கைப்பிடி சுற்றுகிற போன் வைத்திருப்போம். ஷெல், அதாவது எதிரியின் பீரங்கிக் குண்டு, விழும். கேபிள் அறும். ஷெல் விழும்போது மற்றவர்கள் பதுங்குவார்கள். எங்களுக்கு அப்போதுதான் டியூட்டி ஆரம்பம்.

அறுந்த இடத்தைக் கண்டுபிடிக்க ஒரே வழிதான் இருந்தது. கேபிளைக் கையில் எடுத்து, உள்ளங்கையில் ஓடவிட்டபடியே நடக்க வேண்டும். "கையில வயர் ஓடணும், காலு ஓடக் கூடாது" என்பார் உஸ்தாத். ஷெல் வரும் சத்தம் கேட்டால் படுத்துக்கொள்ளலாம். ஆனால் கேபிளை விடக் கூடாது. விட்டால் புகையிலும் கல்லிலும் மறுபடி அதைத் தேடுவதற்குள் அடுத்த ஷெல் வந்துவிடும்.

அறுந்த முனை கிடைத்ததும் முதலில் முடிச்சு, பிறகு கம்பியை உரித்து முறுக்கு, கடைசியில் டேப். இழுவை எல்லாம் முடிச்சில் நிற்க வேண்டும், கம்பிக்குப் போகக் கூடாது. இதெல்லாம் எல்லா இடத்திலும் செய்வதுதான். அதற்குப் பிறகு உஸ்தாத் ஒன்று செய்வார், அதை வேறு யாரும் செய்து நான் பார்த்ததில்லை.

ஒட்டுப் போட்ட பிறகு லைனைச் சோதிக்க மற்றவர்கள் "ஹலோ, கேக்குதா?" என்பார்கள். "கேக்குது" என்று பதில் வரும். முடிந்தது. உஸ்தாத் ஒத்துக்கொள்ள மாட்டார்.

"'கேக்குது'ன்ற ஒரு வார்த்தை செத்துப்போன ஜாயின்ட்ல கூட போயிடும்டா. நீட்டிப் பேச வை. அப்பத்தான் எங்க இரையுது, எங்க அறுக்குதுன்னு தெரியும்."

அதனால் அவர் கேட்பது ஒரே கேள்வி. "இன்னைக்கு என்ன சாப்பாடு?" ராணுவத்தில் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால் ஒரு வார்த்தையோடு நிறுத்துகிறவன் இன்னும் பிறக்கவில்லை. ரொட்டி கல்லு மாதிரி இருந்தது, பருப்பில் பருப்பைக் காணோம், டீயில் மண்ணெண்ணெய் வாசம் என்று நீளமாக வரும். அவர் கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரைக்கும் கேட்பார். பதில் நீளமாக, சுத்தமாக வந்தால் லைன் நல்ல லைன். சின்னதாக வந்தால் மறுபடி கேட்க மாட்டார். இடுக்கியை எடுத்துக்கொண்டு நேரில் போய்ப் பார்ப்பார்.

ஆட்களையும் அவர் அப்படித்தான் சோதிப்பார். அதை நான் அந்த மலையில்தான் தெரிந்துகொண்டேன்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

எங்களுக்கு எதிரே ஒரு மலை. அதன் பாதி உயரத்தில் பாறை, தட்டு போல நீட்டிக்கொண்டிருக்கும். அதை நாங்கள் மேல்தட்டு என்போம். அங்கே எதிரி இருந்தான். நம்முடைய ஒரு பிளாட்டூன் விடிவதற்குள் அதற்குக் கொஞ்சம் கீழே போய்ப் பதுங்கியிருந்தது. ஜெரால்ட் முதுகில் வயர்லெஸ் செட்டும் கையில் போனுமாக, கேபிளைப் பின்னால் விட்டுக்கொண்டே அவர்களோடு ஏறிப் போயிருந்தான். திட்டம் சுலபம். மேல்தட்டை மேகம் மூடியிருக்கிறது. மேகம் விலகியதும் கீழேயிருந்து நம் பீரங்கிகள் மேல்தட்டை அடிக்கும். அடித்து முடித்த பிறகு பிளாட்டூன் ஏறும்.

காலையில் ஏதோ சந்தேகப்பட்டு எதிரி நடுவில் இருக்கும் பள்ளத்தாக்கில் ஷெல் போட ஆரம்பித்தான். ஜெரால்டின் லைன் செத்துவிட்டது. சரி செய்ய மூன்று பேர் கிளம்பினோம். முன்னால் உஸ்தாத், கையில் கேபிள். நடுவில் நான், தோளில் சோதிக்கிற போன். பின்னால் பசவராஜு, முதுகில் கேபிள் சுருள். பசவராஜு மண்டியாப் பக்கத்துக் கன்னடக்காரன். நம் பட்டாலியனுக்கு வந்துதான் தமிழ் பேசப் பழகினான்.

முதல் ஷெல் எங்களுக்கு நல்ல தூரத்தில் விழுந்தது. ஆனாலும் நான் முகத்தை மண்ணில் புதைத்துக்கொண்டு கிடந்தேன். மண் அடங்குவதற்குள் முன்னாலிருந்து குரல் வந்தது, டீக்கடையில் நின்று கேட்பது போல.

"செல்வா, உங்க வூட்ல ஞாயித்துக்கெழம என்ன?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "உஸ்தாத்?"

"என்னடா சமைப்பாங்க?"

"மட்டன் குழம்பு உஸ்தாத்."

"அப்புறம்?"

"மட்டன்ல எலும்பு தனியா எடுத்து... கத்திரிக்கா போட்டு தால்ச்சா. எங்க அம்மா சீரகச் சம்பாதான் வாங்கும். அப்பாவுக்கு மட்டும் ரசம்."

"ம். எழுந்திரு. பசவா, உனக்கு?"

"நம் மனேல முத்தே உஸ்தாத். கோழி சாரு. முத்தேவ மெல்லக் கூடாது, முழுங்கணும்."

"களிய முழுங்கறதுக்கு இம்மாந்தூரம் பில்டப்பா? நட."

எழுந்து நடந்தோம். நடக்கும்போதுதான் கவனித்தேன், ஷெல்லை மறந்து அம்மாவின் தால்ச்சாவை நினைத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு ஷெல்லுக்குப் பிறகும் இதே கேள்விதான். காலையில் என்ன, கிறிஸ்துமஸுக்கு என்ன, மாமியார் வீட்டில் என்ன. "உஸ்தாத், எனக்கு மாமியாரே இல்ல" என்றேன். "அப்ப உயிரோட ஊருக்குப் போனதும் மொத வேலையா அதப் பாரு" என்றார்.

அவர் பதுங்கவே மாட்டார் என்று நினைக்காதீர்கள். எங்களை விட வேகமாகப் படுப்பார். ஆனால் முதலில் எழுகிறவரும் அவர்தான். அவர் எழுந்து நின்று, கேபிளை இறுக்கிப் பார்த்து, முன்னால் ஒரு அடி வைப்பதைப் பார்த்த பிறகு நான் மட்டும் எப்படிப் படுத்துக் கிடப்பது?

பள்ளத்தாக்கின் வளைவில் ஒரு ஷெல் மிக அருகில் விழுந்தது. காதில் விசில். நான் என் பங்குக்கு எதையோ உளறினேன், இடியாப்பம் என்று நினைக்கிறேன். உஸ்தாத் பசவராஜுவைக் கேட்டார்.

"பசவா, உங்கூர் திருவிழாவுக்கு என்ன?"

"ஒப்பட்டு."

அவ்வளவுதான் வந்தது. ஒப்பட்டு என்றால் நம்ம போளி. பருப்பு ஒப்பட்டா, தேங்காய் ஒப்பட்டா, நெய்யா, பாலா, ஒன்றுமில்லை.

உஸ்தாத் மறுபடி கேட்கவில்லை. கேபிளை என் கையில் கொடுத்துவிட்டு ஊர்ந்து பின்னால் போனார். பசவராஜுவின் இடது கை சட்டை நனைந்து கறுத்திருந்தது. இரும்புத் துண்டு ஒன்று சதையில் இறங்கியிருந்தது. சொன்னால் வேலை நின்றுவிடுமே என்று அவன் மறைத்திருந்தான்.

"ஏன்டா மறைச்ச?"

"ஏனூ இல்ல உஸ்தாத், சும்மா கீறல்."

"உன் பதில்லயே லைன் அறுந்துபோச்சு. என்கிட்ட சும்மான்ற." கட்டுப் போட்டு, பெரிய பாறைக்குப் பின்னால் அவனை உட்கார வைத்து, கேபிள் சுருளை அவன் மடியில் வைத்தார். "நாங்க இழுக்க இழுக்க நீ விடு. அதான் உன் டியூட்டி. சுருள் நின்னுச்சுன்னா நான் திரும்பி வந்துடுவேன்."

அதாவது, அவனுக்கு மயக்கம் வந்தால் கேபிள் வழியாகவே எங்களுக்குத் தெரிந்துவிடும். இதை யோசித்துச் சொன்னாரா, அவருக்கு அப்படித்தான் வருமா, எனக்கு இன்றைக்கும் தெரியாது.

இன்னும் கொஞ்ச தூரம் போனதும் என் உள்ளங்கையில் கேபிள் முடிந்துவிட்டது. கிழிந்த முனை. அதற்கு அந்தப் பக்கம் தரையே மாறிப்போயிருந்தது. அந்த இடத்தில் எங்கள் கேபிளோடு இன்னும் பல கேபிள்கள் சேர்ந்து ஓடின. பீரங்கிக்காரர்களுடையது ஒன்று, பக்கத்துக் கம்பெனிப் படையுடையது ஒன்று, கோவேறு கழுதைகளில் ரேஷன் ஏற்றுகிற இடத்திலிருந்து லங்கருக்குப் போவது ஒன்று. லங்கர் என்றால் சமையல் கூடம். எது யாருடையது என்று தெரிய ஒவ்வொன்றிலும் துணி அடையாளம் கட்டியிருப்போம். அந்தத் துணி எல்லாம் எரிந்துபோயிருந்தது. கேபிள்கள் இடியாப்பம் போலக் கிடந்தன.

மேலேயிருந்து வரும் எங்கள் முனையை உஸ்தாத் சுலபமாகக் கண்டுபிடித்துவிட்டார். மலையேறிப் போகிற கேபிள் அது ஒன்றுதான். கேபிளில் ஊசியைக் குத்தி, போனை மாட்டி, கைப்பிடியைச் சுற்றினார். ஜெரால்ட் எடுத்தான்.

"என்ன சாப்பாடு?"

"சாப்பாடு எங்க உஸ்தாத், நேத்திலேர்ந்து பனியும் சக்கரையும்தான், சக்கரையும் காலி. அத வுடுங்க. நாங்க மேல்தட்டுக்கே வந்துட்டோம்!"

உஸ்தாத் கண்ணை மூடினார். "மெதுவா, முழுசா சொல்லு."

அவன் சொன்னான். மேகத்துக்குள் எதிரியின் காவல் ஒரு பக்கம் தளர்ந்திருந்தது. பிளாட்டூன் சாப் அந்தச் சந்தர்ப்பத்தை விடவில்லை. ஏறிவிட்டார்கள். மேல்தட்டு நம் கையில். ஆனால் வயர்லெஸ் செட் தோட்டா பாய்ந்து உடைந்துவிட்டது. போனும் அறுந்துவிட்டது. கீழே யாருக்கும் எதுவும் தெரியாது. மேகம் விலகினால் நம் பீரங்கிகள் திட்டப்படி மேல்தட்டை அடிக்கும். அங்கே இப்போது இருப்பது நம் ஆட்கள். இறங்கவும் முடியாது, எதிரி பின்பக்கத்திலிருந்து சுட்டுக்கொண்டிருக்கிறான்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். காலையில் கம்பளி மாதிரி இருந்த மேகம் இப்போது கொசுவலை மாதிரி ஆகியிருந்தது.

உஸ்தாத்துடைய குரல் தணிந்தது. "ஜெரால்டு, போன வெக்காத. காதுலயே வெச்சிரு." என்னிடம் திரும்பி, "கீழ் முனை. தேடு."

தேடினோம். தோளிலிருந்து போனை இறக்கிக் கொடுத்த அவசரத்தில் கையில் இருந்த முனையை நான் கீழே விட்டிருந்தேன், அது குவியலில் கலந்துவிட்டது. நான் ஒன்றை எடுத்தேன், அவர் ஒன்றை எடுத்தார். அவர் விரலால் உருட்டிப் பார்த்து, "இதான் நம்மது. புதுசு, விறைப்பா இருக்கு" என்றார். பசவராஜுவிடமிருந்து இழுத்த கேபிளை இடைவெளிக்குப் போட்டு, முடிச்சு, முறுக்கு, டேப். அந்த நேரத்திலும் டேப்பைச் சுருக்கமில்லாமல் சுற்றினார். பக்கத்தில் ஒரு ஷெல் விழுந்து எங்கள் மேல் கல் கொட்டியது. தலையைத் தட்டிக்கொண்டு கைப்பிடியைச் சுற்றினார். மறுமுனையில் உடனே எடுத்தார்கள்.

"ஹெட்குவார்ட்டரா? என்ன சாப்பாடு?"

"பூரி, உருளக்கெழங்கு, பருப்பு. எத்தினி பேருக்கு? இன்னிக்கும் கோவேறு கழுத வரல, மேல தூக்கினு போவ ஆளும் இல்ல, நேத்தே சொல்லிட்டேன். உப்பு வேற தீரப்போவுது. யாரு பேசறது?"

சுத்தமான லைன். ஒரு இரைச்சல் இல்லை. ஆனால் பேசியது ஹெட்குவார்ட்டர் இல்லை. லங்கர் குக் வேலாயுதம். குடியாத்தத்துக்காரர்.

உஸ்தாத் போனைக் காதிலிருந்து எடுத்து அதையே பார்த்தார். பத்து வருஷத்துக்கு மேல் கேபிளைத் தொட்டுத் தொட்டுக் காய்த்துப்போன கை, அன்றைக்குச் சரியாக லங்கர் கேபிளைப் பிடித்திருக்கிறது. திட்டுவார் என்று நினைத்தேன். அவர் சிரித்துவிட்டார். அந்தப் பள்ளத்தாக்கில், தலைக்கு மேல் ஷெல் போய்க்கொண்டிருக்கும்போது, வாய்விட்டுச் சிரித்தார்.

"உஸ்தாத், அறுத்துட்டு வேற தேடலாமா?" என்றேன்.

அவர் மேகத்தைப் பார்த்தார். "கெடச்ச வாய வுடக் கூடாது செல்வா." போனை மறுபடி காதில் வைத்தார்.

"வேலாயுதம், முனிரத்னம் பேசறேன். அடுப்ப வுட்டுட்டு நான் சொல்றத கேளு."

"பூரி எண்ணையில கீது உஸ்தாத்!"

"கருகட்டும். கர்னல் சாப் பங்கருக்கு ஓடு. 'மேல்தட்டுல நம்ம ஆளுங்க, அங்க பீரங்கி அடிக்கக் கூடாது, எதிரி பின்பக்கம்.' திருப்பிச் சொல்லு."

"மேல்தட்டுல நம்ம ஆளுங்க, அங்க பீரங்கி அடிக்கக் கூடாது, எதிரி பின்பக்கம்."

"போன வெக்காத. அப்படியே கீழ போட்டுட்டு ஓடு."

லங்கருக்கும் கர்னல் சாப் பங்கருக்கும் நடுவில் ஒரு மைதானம் அளவுக்குத் திறந்த வெளி. அங்கேயும் எதிரி போட்டுக்கொண்டிருந்தான்.

"உஸ்தாத்... வெளிய ஷெல் வுழுது."

"தெரியும் வேலாயுதம். இங்கயும் வுழுது."

இதைச் சொன்னபோது அவர் குரலில் அதட்டல் இல்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் மழையைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார். டக் என்று போன் எதன் மேலோ வைக்கப்பட்ட சத்தம் கேட்டது. பிறகு காலடி. பிறகு வெறும் "சொர்ர்ர்" என்று ஒரு சத்தம்.

அதுதான் எண்ணெயில் பூரி.

உஸ்தாத் போனைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தார், எனக்கும் கேட்டது. லைன் முழுவதும் சேர்ந்துவிட்டதால் மேலே ஜெரால்டுக்கும் கேட்டது.

"உஸ்தாத், அது என்ன சத்தம்? கீழ மழையா?"

"பூரிடா."

"பூரியா?"

"கருகுது."

"உஸ்தாத், நேத்திலேர்ந்து பனி தின்றவன்கிட்ட ஏன் இந்தச் சத்தத்தப் போட்டுக் காட்டறீங்க?"

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே மேலே பார்த்தேன். மேல்தட்டின் விளிம்பு தெரிய ஆரம்பித்துவிட்டது. முதலில் ஒரு மூலை, பிறகு பாறையின் நீளம். அங்கே சிறு புள்ளிகள் அசைந்தன. கீழேயிருந்து தொலைநோக்கியில் பார்க்கிறவனுக்கு அவை எதிரிதான். பூரிச் சத்தமும் நின்றுவிட்டது. யாரும் போனுக்குத் திரும்பி வரவில்லை. உஸ்தாத் போனைப் பிடித்தபடியே மேல்தட்டைப் பார்த்தார். என் கை மேல் தன் கையை வைத்திருந்தார்.

பிறகு நம் பீரங்கிகள் முழங்கின.

ஷெல் நம் தலைக்கு மேல் போகும்போது துணியைக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம் வரும். அது வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். வெடித்த சத்தம் கேட்டது. போனில் ஜெரால்ட் கத்தினான்.

"தாண்டிப் போச்சு! உஸ்தாத், தாண்டிப் போச்சு! பின்னால அவனுங்க மேல வுழுது! இன்னொண்ணு! அதுவும் தாண்டிப் போச்சு!"

அவன் கத்தியது போன் இல்லாமலேயே கேட்டிருக்கும். உஸ்தாத் கேபிள்களுக்கு நடுவில் காலை நீட்டி உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். அப்போது லங்கர் பக்கத்திலிருந்து மூச்சு வாங்கும் சத்தம்.

"சொல்லிட்டேன் உஸ்தாத். ஜல்லிக்கரண்டிய கையிலயே வெச்சினு ஓடிட்டேன். வாசல்ல காவல் நிக்கற சென்ட்ரி வுடமாட்டேன்றான். கரண்டியால அவன ஒரு தட்டு தட்டிட்டு உள்ள பூந்துட்டேன். கர்னல் சாப் என்ன பாக்கறாரு, கரண்டிய பாக்கறாரு. 'யார் சொன்னது'ன்னாரு. நான் பூரி போடறப்போ முனிரத்னம் உஸ்தாத் போன்ல சொன்னாருன்னேன். ஒடனே போன எடுத்துட்டாரு." பிறகு மிகுந்த வருத்தத்தோடு, "பூரிதான் போச்சு உஸ்தாத்" என்றார்.

அன்று மாலை வரை அந்த லைனை அப்படியே விட்டுவைத்தோம். ஹெட்குவார்ட்டரின் சரியான கேபிளைக் கண்டுபிடித்துத் தனியாகச் சேர்த்தும் கொடுத்தோம். ஆனால் மேல்தட்டில் இருந்தவர்கள் லங்கர் லைனை விடுவதாக இல்லை. வேலாயுதத்தைக் கூப்பிட்டு ஆளுக்கு ஒன்று கேட்டார்கள். "டேய், இங்க இன்னா ஓட்டலா வெச்சினு கீறேன்?" என்று அவர் கத்தினார். கத்திவிட்டு, மறுபடி மாவு பிசைந்தார். ஷெல் ஓய்ந்ததும் சுமக்க ஆள் கிடைத்தது. பூரியும் உருளைக்கிழங்கும் துணியில் சுற்றி மேலே போயிற்று. வெளிச்சம் மங்குகிற நேரத்தில் ஜெரால்ட் தானாகவே போன் செய்தான். யாரும் கேட்காமலேயே, பூரி எத்தனை பெரிசு, மடித்தால் எப்படி மெதுவாக மடிந்தது, கிழங்கில் இஞ்சி எங்கே பல்லில் பட்டது என்று ஒன்று விடாமல் சொன்னான். உஸ்தாத் கண்ணை மூடிக் கடைசி வரை கேட்டார். "நல்ல லைன்" என்றார்.

அன்றைய வேலைக்காக முனிரத்னம் உஸ்தாத்துக்குப் பிறகு மெடல் கிடைத்தது. எதிரியின் ஷெல்லுக்கு நடுவில் துணிவோடு ஆட்களை நடத்தினார் என்று மேடையில் வாசித்தார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் யார் கேட்டாலும் உஸ்தாத் சொல்வது, "கேபிள மாத்திப் புடிச்சதுக்குக் குடுத்தாங்க" என்பதுதான். வேலாயுதத்தைக் கர்னல் சாப் எல்லோர் முன்னாலும் கட்டிப்பிடித்தார். இப்போது அவர் குடியாத்தத்தில் மெஸ் நடத்துகிறார். அவர் சொல்கிற கதையில் உஸ்தாத் போனில் பேசுகிற ஒரு ஆள் மட்டும்தான். பசவராஜுவின் கை ஆறிவிட்டது. போன வருஷம் அவன் அனுப்பிய வெல்லத்தைத்தான் நீங்கள் இருவரும் டப்பாவோடு தீர்த்தீர்கள்.

மெடல் கதை இதோடு முடிகிறது. உங்கள் கதை இங்கேதான் ஆரம்பம்.

எனக்கு முதலில் லீவு கிடைத்தது. ஜெரால்டுக்குக் கிடைக்கவில்லை. "எங்க வூட்டுக்குப் போய் நான் நல்லாருக்கேன்னு சொல்லிட்டு வாடா" என்றான். பெங்களூரில் இறங்கி, குளித்து, சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு மர்பி டவுனுக்குப் போனேன். கதவைத் திறந்தது உங்கள் அம்மா. ஜெரால்டின் தங்கை என்று சொல்லவே வேண்டாம், அதே மூக்கு.

"ஜெரால்ட் நல்லா இருக்கான்" என்றேன்.

"உள்ள வாங்க" என்றாள். சேரைப் போட்டாள். எதிரில் நின்றுகொண்டாள். "நல்லா இருக்கேன்னு அவனும்தான் எழுதறான். அதுல எனக்கு என்ன தெரியும்? அவன் அங்க என்ன சாப்பிடறான்? அதச் சொல்லுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எந்தப் பயிற்சியும் இல்லாமல், எந்த உஸ்தாத்தும் சொல்லிக் கொடுக்காமல், மர்பி டவுன் வீட்டு வாசலில் நின்று ஒரு பெண் லைனைச் சோதிக்கிறாள்.

சொன்னேன். பனியும் சர்க்கரையும் சொன்னேன். கருகின பூரியைச் சொன்னேன். மறுபடி பிசைந்த மாவையும் இஞ்சி போட்ட கிழங்கையும் சொன்னேன். நடுவில் ஷெல்லையும் பீரங்கியையும் சொல்ல வேண்டி வந்தது, அதையும் மறைக்கவில்லை. அவள் அசையாமல் கேட்டாள். நான் முடித்ததும், "ம். இப்ப நம்பறேன்" என்று சொல்லிவிட்டு, உள்ளே போய் எனக்குத் தட்டு வைத்தாள். தட்டில் என்ன இருந்தது என்று அன்று சாயங்காலமே உஸ்தாத்துக்குக் கடிதத்தில் எழுதினேன். அவர் பதிலில் ஒரே வரிதான். ஊருக்குப் போனதும் மொத வேலையா பார்க்கச் சொன்னேனே, பார்த்துட்டியாடா என்று கேட்டிருந்தார்.

அதனால் அருள், அடுத்த வருஷம் கொடியேற்றும்போது அந்தப் பையன் கேட்டால், எங்கப்பா யாரையும் சுடல, பூரியக் கருக விட்டாங்க என்று சொல்லு. அவன் லட்டுப் பக்கம் போகாமல் நின்று கேட்பான். ஜான்சி, நான் போன் செய்யும்போது "ஓகே டாடி", "சாப்டாச்சு டாடி" என்று சொல்லிவிட்டு வைக்காதே. புனேயில் என்ன வெயில், ரொட்டி எப்படி இருந்தது, பக்கத்து மேசைக்காரி என்ன கொண்டுவந்தாள், எல்லாம் சொல். மாமா மாதிரி சொல். நீங்கள் அவரைக் கேலி செய்கிறீர்களே, ஒரு தோசைக்குப் பத்து நிமிஷம் பேசுகிறார் என்று. நான் அந்தப் பத்து நிமிஷத்தையும் கண்ணை மூடிக் கேட்பேன். அந்தக் குரல் மேல்தட்டிலிருந்து வந்த குரல்.

இன்னும் இரண்டு விஷயம் எழுத நினைத்தேன். உங்கள் அம்மா சமையலறையிலிருந்து கூப்பிட்டுவிட்டாள்.

"என்ன சாப்பாடு?" என்று இங்கிருந்தே கேட்டேன்.

"வாங்க" என்றாள்.

ஒற்றை வார்த்தை. லைனில் ஏதோ இருக்கிறது. நேரில் போய்ப் பார்க்கிறேன்.